மிருதங்கத்தின் ரகசியத்தைக் கண்ட சர் சி.வி.ராமன்

சர் சி.வி.ராமன் என்ற பெயரைச் சொன்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒளியைப் பற்றிப் பேசுவார்கள். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று ஆராய்ந்தவர். ஒளிச் சிதறலில் புதுமை கண்டவர். 1930-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். பாடப் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது.

அந்தப் புகழ் வருவதற்கு முன்பு, ஏறக்குறைய 15 ஆண்டு காலம் ராமன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பொருள் வேறு. அது ஓசை!

பிடில் வாசிக்க அவர் ஒரு யந்திரம் செய்தார். மிருதங்கத்தின் தோல்மீது மணலைத் தூவிப் பார்த்தார். தம்புராவின் தந்திக்கு அடியில் ஒரு துண்டு நூல் எதற்கு என்று கேட்டார். பட்டறையில் பரம்பரையாகச் செய்துவந்த சில வேலைகளுக்குள் எவ்வளவு பெரிய விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டினார்.

பாடப் புத்தகத்தில் அதிகம் இடம் பெறாத அந்தக் கதை இது.

பிடில் வாசித்த தந்தை

1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்கோயிலில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் ராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர அய்யர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் ராமன் இரண்டாவது பிள்ளை.

ராமனுக்கு நான்கு வயது ஆனபோது, தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போயிற்று. சந்திரசேகர அய்யர் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். வீட்டில் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். பிடிலும் வாசிப்பார்.

ஒரு பக்கம் பௌதிகப் புத்தகம், மறுபக்கம் பிடில். ராமன் வளர்ந்த வீடு அது. பிற்காலத்தில் அவர் செய்த ஆராய்ச்சிக்கு விதை எங்கே விழுந்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை ராஜதானிக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் உட்கார்ந்திருந்த சின்னப் பையனைப் பார்த்து ஆசிரியருக்குச் சந்தேகம் வந்ததாம். பி.ஏ. வகுப்பு மாணவன்தானா என்று விசாரித்தாராம். அந்தச் சின்னப் பையன் 1904-ம் ஆண்டில் பி.ஏ. பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். 1907-ல் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

மாணவராக இருந்த நாளில் அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, இசை ஒலிகளைப் பற்றி 1863-ல் எழுதியது. பிடில் தந்தி எப்படி அசைகிறது, ஒரு சுரம் ஏன் காதுக்கு இனிக்கிறது, இன்னொன்று ஏன் உறுத்துகிறது என்றெல்லாம் அந்தப் புத்தகம் ஆராய்ந்தது. தன் வாழ்க்கையை உருவாக்கிய மூன்று நூல்களில் இது ஒன்று என்று ராமன் முதிய வயதிலும் நன்றியோடு எண்ணினார்.

வீணையும் உத்தியோகமும்

இவ்வளவு கெட்டிக்கார மாணவரை மேல்படிப்புக்குச் சீமைக்கு அனுப்பலாம் என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். சென்னையில் வெள்ளைக்கார டாக்டர் சோதித்தார். ராமனின் மெலிந்த உடம்பு இங்கிலாந்துக் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் விஞ்ஞானத்தை நம்பிச் சோறு தின்ன முடியாது. ஆகவே ராமன் சர்க்கார் நிதி இலாகாப் பரீட்சை எழுதினார். அதிலும் முதலாவதாக வந்தார்.

அதே 1907-ல் அவருக்குக் கல்யாணம். பெண் லோகசுந்தரி. வயது பதின்மூன்று. வீணை வாசிக்கத் தெரிந்த பெண். லோகசுந்தரி வீணை வாசித்ததைக் கேட்டுத்தான் ராமன் மனத்தைப் பறிகொடுத்தார் என்று குடும்பத்தில் சொல்வது உண்டு. வரதட்சிணை வாங்கவில்லை.

புது மனைவியோடு கல்கத்தாவுக்குப் போய், உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாக வேலை ஏற்றார். கைநிறையச் சம்பளம். பெரிய பதவி. பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் இத்தோடு கதை முடிந்திருக்கும்.

டிராமில் கண்ட பலகை

ஒருநாள் ராமன் டிராமில் போய்க்கொண்டிருந்தார். பவ்பஜார் தெருவில் 210-ம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்று எழுதியிருந்தது.

அந்தச் சங்கத்தை 1876-ம் ஆண்டில் மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காள டாக்டர் ஏற்படுத்தினார். இந்தியர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. கட்டடம் எழும்பியது. கருவிகள் வந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் வரவில்லை. அந்த ஏக்கத்தோடு அவர் 1904-ல் கண்ணை மூடினார்.

மூன்று வருஷம் கழித்து ராமன் வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் டே. சங்கத்தின் உதவியாளர். எல்லோரும் ஆசு பாபு என்று அழைப்பார்கள். கல்லூரிப் படிப்பே இல்லாதவர். ஆனால் கை வேலையில் சூரர். ராமனோடு அவர் பல ஆண்டுகள் உழைத்தார். பின்னாளில் லண்டன் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் ஆசு பாபுவின் பெயரிலேயே கட்டுரை வெளிவந்தது!

சங்கத்தின் செயலாளர், மகேந்திரலாலின் மகன் அமிர்தலால் சர்க்கார். தந்தை காத்திருந்த ஆள் இவர்தான் என்று அவர் கண்டுகொண்டார். ஆராய்ச்சிக்கூடத்தை ராமனுக்குத் திறந்துவிட்டார்.

அன்றிலிருந்து ராமனுக்கு இரண்டு வேலை. காலை ஐந்தரை மணிக்குச் சங்கத்துக்குப் போவார். ஒன்பதே முக்காலுக்கு வீடு திரும்புவார். குளிப்பார். அவசரம் அவசரமாகச் சாப்பிடுவார். அலுவலகத்துக்கு ஓடுவார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே சங்கம். இரவு ஒன்பதரை, பத்துக்குத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சங்கம். இப்படிப் பத்து வருஷம்! இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். அங்கேயும் வீட்டிலேயே பரிசோதனை செய்தார். திரும்பவும் கல்கத்தாவுக்கு வந்ததும், சங்கத்துக்குப் பக்கத்து வீட்டிலேயே குடியேறினார்.

பதின்மூன்று வயதில் வந்து, பாஷை தெரியாத ஊரில் குடும்பம் நடத்திய லோகசுந்தரி அம்மாளின் பங்கையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றைத் தந்தியில் தொடக்கம்

ராமன் ஏன் முதலில் ஓசையை எடுத்துக்கொண்டார்? ஆசை ஒரு காரணம். செலவு குறைவு என்பது இன்னொரு காரணம். ஒரு தந்தி, ஒரு இசைக்கவை, ஒரு காமிரா. அவ்வளவு போதும்.

வங்காளத்தில் பாடிப் பிச்சை எடுப்பவர்கள் ஏக்தாரா வைத்திருப்பார்கள். ஒற்றைத் தந்தி போட்ட எளிய வாத்தியம். ராமன் அதை எடுத்து ஆராய்ந்தார். 1909-ம் ஆண்டிலேயே அதைப் பற்றி எழுதினார்.

பிறகு பிடிலுக்கு வந்தார். பிடில் வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர். அதில் பிசின் தேய்த்திருக்கும். வில்லை இழுக்கும்போது மயிர் தந்தியைப் பற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் இழுத்துப் போகிறது. பிறகு தந்தி வழுக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறது. மறுபடியும் மயிர் பற்றுகிறது. மறுபடியும் வழுக்குகிறது. ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. காதுக்கு அது ஒரே இழையாக, இனிமையாகக் கேட்கிறது.

இந்த அசைவை ராமன் போட்டோ பிடித்தார். தந்திக்கு முன்னால் ஒரு மெல்லிய பிளவு. அதற்குப் பின்னால் நகர்ந்துகொண்டே போகும் போட்டோத் தகடு. தந்தியின் ஒவ்வொரு துள்ளலும் தகட்டில் கோடாக விழுந்தது. அந்தக் கோடுகளைப் படித்து, வில்லால் இழுத்த தந்தி எத்தனை விதமாக அசையலாம் என்று கணக்குப் போட்டார். 1918-ம் ஆண்டில் இதை 150 பக்கத்துக்கு மேற்பட்ட நூலாகச் சங்கம் அச்சிட்டது. பிடிலின் பௌதிகத்தை ஆராய்பவர்கள் இன்றைக்கும் அந்த நூலைத் தொடாமல் போக முடியாது.

பிடிலுக்குள் ஓநாய்!

பிடில், செல்லோ முதலிய வாத்தியங்களில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாச் சுரமும் நன்றாகப் பேசும். ஏதோ ஒரு சுரத்துக்கு வந்ததும் வாத்தியம் முரண்டு பிடிக்கும். ஓசை நடுங்கும், உறுமும். எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் அந்த இடத்தில் வில் கட்டுப்படாது. ஐரோப்பியர்கள் இதற்கு ஓநாய்ச் சுரம் என்று பெயர் வைத்தார்கள்.

ஓநாய் எங்கிருந்து வருகிறது? தந்தியின் அசைவையும், வாத்தியத்தின் மரப்பலகை அசைவதையும் ராமன் ஒரே சமயத்தில் போட்டோ எடுத்தார். விஷயம் வெளிப்பட்டது. ஒவ்வொரு மரப்பெட்டிக்கும் பிடித்தமான சுரம் ஒன்று உண்டு. தந்தி அந்தச் சுரத்தைப் பேசும்போது, பெட்டி மிக அதிகமாக ஆடத் தொடங்குகிறது. தந்தியின் சக்தியைப் பெட்டியே உறிஞ்சுகிறது. வில் கொடுக்கும் சக்தி போதவில்லை. தந்தி தடுமாறுகிறது. பிறகு மீள்கிறது. மறுபடி தடுமாறுகிறது. அதுதான் உறுமல்.

1916-ல் இந்த விளக்கம் லண்டன் சஞ்சிகையில் வெளிவந்தது. எழுதியவர் கல்கத்தாவில் சர்க்கார் கணக்குப் பார்க்கும் அதிகாரி!

பாதிச் சம்பளம்

கல்கத்தா சர்வகலாசாலையில் புதிதாகப் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்பட்டது. துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி அந்தப் பதவிக்கு ராமனை அழைத்தார். சம்பளம், சர்க்காரில் வாங்கியதில் ஏறக்குறைய பாதி.

இன்னொரு தடையும் இருந்தது. வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்தான் அந்தப் பதவிக்கு வரவேண்டும் என்று நிபந்தனை. அதற்காக வெளிநாடு போக ராமன் மறுத்துவிட்டார். முகர்ஜி நிபந்தனையைத் தளர்த்தினார். 1917-ல் ராமன் அரசாங்க உத்தியோகத்தை உதறினார். பென்ஷனும் போயிற்று, பெரிய பதவியும் போயிற்று. பகல் நேரம் கையில் கிடைத்தது.

பிடில் வாசிக்கும் யந்திரம்

பிடில் கற்றுக்கொள்பவர்களுக்கு வலது கைதான் கஷ்டம். வில்லை எவ்வளவு அழுத்துவது? எவ்வளவு வேகமாக இழுப்பது? தந்தியைத் தாங்கும் குதிரைக்கு எவ்வளவு தூரத்தில் இழுப்பது? மூன்றும் சரியாக அமைந்தால்தான் நாதம். வித்துவானின் கை பல வருஷச் சாதகத்தில் இதைக் கற்றுக்கொள்கிறது. ஆனால் கைக்குத் தெரிந்ததை எண்ணாக எழுதி வைக்க முடியவில்லை. மனிதக் கை ஒரு தடவை இழுத்ததைப் போல் மறு தடவை இழுக்காது.

ராமன் யந்திரத்தை நாடினார். 1920-ல் அது தயாராயிற்று.

அதில் ஒரு விசித்திரம். சாதாரணமாகப் பிடில் அசையாமல் இருக்கும், வில் போய்வரும். ராமனின் யந்திரத்தில் வில் அசையாமல் நின்றது. பிடில் போய்வந்தது! பிடிலை ஒரு தொட்டிலில் பொருத்தி, ஒரே சீரான வேகத்தில் முன்னும் பின்னும் நகரச் செய்தார். வில்லின் அழுத்தத்தை எடை வைத்துக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார்.

இப்போது எல்லாவற்றையும் அளக்கலாம். குதிரைக்கு அருகே போகப் போக, அழுத்தம் மிக அதிகமாகத் தேவைப்பட்டது. வேகம் கூடினாலும் அழுத்தம் கூட வேண்டியிருந்தது. ஓநாய்ச் சுரம் வரும் இடத்தில், தேவையான அழுத்தம் மலைபோல் உயர்ந்தது. வித்துவான்களின் கை அறிந்திருந்த ரகசியம், வரைபடத் தாளில் கோடாக வந்து விழுந்தது.

யந்திரம் பிடில் வாசித்தது என்றால், கச்சேரி செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே சுரத்தை ஒரே மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. கேட்பதற்கு அலுப்பாகத்தான் இருந்திருக்கும். அளப்பதற்கு அந்த அலுப்புத்தான் வேண்டும். பின்னால் மேல்நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களிலும் பிடில்களைச் சோதிக்க இப்படிப்பட்ட யந்திரங்கள் வந்தன.

தோல் பேசுமா?

அதே 1920-ல் ராமன் ஒரு பெரிய கேள்வியில் கை வைத்தார்.

இதைப் புரிந்துகொள்ளத் தந்தியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தந்தியை மீட்டினால் ஒரே ஒலி எழுவதாகத் தோன்றும். உண்மையில் பல ஒலிகள் சேர்ந்து எழுகின்றன. தாய் ஒலி ஒன்று. அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஆடும் துணை ஒலி ஒன்று. பிறகு மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு. முழு எண்களாக வருவதால் அவை ஒன்றோடு ஒன்று சண்டை போடுவதில்லை. சேர்ந்து நாதமாகின்றன.

தோல் அப்படி இல்லை. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால், துணை ஒலிகள் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று கோணல்மாணலாக வரும். ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆகவே பறைக்கும் முரசுக்கும் அதிர்ச்சி உண்டு. சுருதி சரியாக நிற்காது. தோல் கருவிகளைப் பற்றி மேல்நாட்டு விஞ்ஞானிகள் கண்ட முடிவு இது. கணக்கில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் கச்சேரி கேட்ட யாருக்கும் ஒரு விஷயம் தெரியும். பாடகரின் சுருதிக்கு மிருதங்கம் சேரும். வித்துவான் கல்லையும் கட்டையையும் வைத்துக்கொண்டு, தட்டித் தட்டிச் சேர்ப்பார். சேர்ந்துவிட்டால், வலந்தலை வீணையைப்போல் கணீர் என்று பேசும். தபலாவும் அப்படித்தான்.

கணக்கு முடியாது என்கிறது. காது முடியும் என்கிறது. எது சரி?

கறுப்பு வட்டத்தின் வேலை

மிருதங்கத்தின் வலது பக்கத்தில், நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். கரணை என்பார்கள், சோறு என்றும் சொல்வார்கள். வடித்த சோற்றையும் ஒருவகைக் கறுப்புக் கல்லின் பொடியையும் சேர்த்துப் பிசைந்து, துளித் துளியாக அப்பி, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் வரும். அவசரப்பட்டால் கெட்டுவிடும். தோல் வேலை செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வைத்திருந்த அந்தக் குடும்பங்களுக்குக் கச்சேரி மேடையில் இடம் கிடைத்ததில்லை.

அலங்காரத்துக்காக வைத்த பொட்டா அது? இல்லை என்று ராமன் காட்டினார். சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து, 1920-ம் ஆண்டில் லண்டன் நேச்சர் பத்திரிகையில் சிறு கட்டுரை எழுதினார். அந்தக் கறுப்பு வட்டத்தின் பாரம், தோலின் கோணல் ஒலிகளைப் பிடித்து இழுத்து, ஒழுங்கான இடத்தில் நிறுத்துகிறது. துணை ஒலிகள் தந்தியில் வருவதைப்போல் 2, 3, 4, 5 மடங்காகவே வருகின்றன.

இதை அவர் முழுதாக விளக்கியது பெங்களூருக்குப் போன பிறகு, 1934-ல். அதற்குக் கையாண்ட முறை எளிமையானது. மிருதங்கத்தின் தோல்மீது மெல்லிய மணலைத் தூவினார். விரலால் தட்டினார். தோல் ஆடும் இடத்தில் மணல் துள்ளி ஓடியது. ஆடாத இடத்தில் போய்க் குவிந்தது. தோலின் அசைவு கோடாகவும் வட்டமாகவும் கண்ணுக்கு முன்னால் எழுதிக் காட்டியது.

விரலை ஓர் இடத்தில் மெல்ல வைத்து, வேறு இடத்தில் தட்டினால் கோலம் மாறியது. மிருதங்க வித்துவான் நம் என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் தோலை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும்; ஆள்காட்டி விரல் ஓரத்தில் அடிக்கும். அந்தத் தொடுதல் சும்மா இல்லை. தோலின் குறுக்கே ஆடாத கோடு ஒன்றை அது உண்டாக்குகிறது. வேண்டாத அசைவு அடங்கி, வேண்டிய துணை ஒலி மட்டும் மேலே வருகிறது.

எல்லாக் கோலங்களையும் ராமன் எண்ணினார். சாதாரணத் தோலில் ஒன்பது விதமாக எழுந்து கலைந்து போகும் அசைவுகள், மிருதங்கத்தில் ஐந்தே ஒலிகளில் கூடி நின்றன. ஒன்பதும் ஐந்து வரிசையில் ஒழுங்காக நிற்கும்படி செய்வது, சோற்றையும் கல்பொடியையும் குழைத்து அப்பிய வட்டம்!

அதை முதல் முதலில் அப்பியவர் யார்? அவர் பெயரை எந்த ஏடும் சொல்லவில்லை. அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வழியில்லை. காது தெரிந்திருந்தது. கொஞ்சம் அப்பினார்; தட்டிக் கேட்டார்; கொஞ்சம் சுரண்டினார்; மறுபடி கேட்டார். இந்த வாத்தியங்களைச் செய்த முன்னோர்கள் ஒலியின் இயல்பை நன்றாக அறிந்தவர்கள் என்று ராமன் தம் கட்டுரைகளில் மனந்திறந்து பாராட்டினார்.

தம்புராவின் நூல்

மிருதங்கத்துக்கு அடுத்தது தம்புரா. 1921-ல் வீணையையும் தம்புராவையும் பற்றி ராமன் எழுதினார்.

மேல்நாட்டில் ஒரு விதி இருந்தது. ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய துணை ஒலிகள் எழவே எழாது. உதாரணமாக, சரியாக நடுவில் மீட்டினால் 2, 4, 6 மடங்கு ஒலிகள் கேட்கக் கூடாது. யங் என்ற ஆங்கில விஞ்ஞானி கண்ட விதி.

தம்புரா இந்த விதியை மதிக்கவில்லை! எழக் கூடாத ஒலிகள் அதில் தாராளமாக எழுந்தன.

காரணம் குதிரையில் இருக்கிறது. பிடிலின் குதிரை கத்தி முனைபோல் மெல்லியது. தம்புராவின் குதிரை அகலமானது. மேல்பக்கம் இலேசாக வளைந்திருக்கும். தந்தி அதன்மேல் படிந்து கிடக்கும். அங்கே தந்திக்கு அடியில் ஒரு சிறு நூலை நுழைத்து, முன்னும் பின்னும் நகர்த்தி, சரியான இடத்தில் நிறுத்துவார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். ஜீவா சரியாக விழுந்ததும், மந்தமாகக் கிடந்த தம்புரா தேனீக் கூட்டம்போல் ரீங்காரம் செய்யத் தொடங்கும்.

தந்தி ஆடும்போது, அந்த வளைந்த மேடையைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. ஒவ்வொரு தொடுதலும் புதிய துணை ஒலிகளுக்கு உயிர் கொடுக்கிறது. வீணைக் குதிரையின் மேலே வைத்திருக்கும் வளைந்த உலோகத் தகடும் இதே வேலையைத்தான் செய்கிறது. காசு பெறாத நூல், ஓர் இயற்பியல் விதிக்கு விலக்கு வாங்கிக்கொடுத்துவிட்டது. ஜீவா என்று பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை.

கப்பல் பயணமும் அதன் பின்னும்

1921-ல் ராமன் முதல் முறையாக இங்கிலாந்துக்குப் போனார். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்க்கப் போனவர், அங்கேயும் ஓசையை விடவில்லை. அதன் கும்மட்டத்துக்குள் ஒரு பக்கச் சுவரோரம் ரகசியம் பேசினால், எதிர்ப்பக்கத்தில் தெளிவாகக் கேட்கும். ராமன் அதைச் சோதித்தார். ஊர் திரும்பியதும் பிஜாப்பூர் கோல்கும்பஸ் மண்டபத்தின் எதிரொலியையும் ஆராய்ந்தார்.

அந்தப் பயணத்தில்தான் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து ஒளிதான் முதலிடம். 1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி, கே.எஸ்.கிருஷ்ணன் முதலிய மாணவர்களின் துணையோடு தேடிய புதிய ஒளிச் சிதறலை உறுதியாகக் கண்டார். அடுத்த ஆண்டு சர் பட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு நோபல் பரிசு வந்தது. அந்தக் கதை ஊர் அறிந்தது.

ஆனால் ஓசையை அவர் மறந்துவிடவில்லை. ஜெர்மனியில் பௌதிகம் முழுவதையும் தொகுத்துப் பெரிய நூல் வரிசை ஒன்று வெளியிட்டார்கள். அதில் இசைக் கருவிகளைப் பற்றிய பகுதியை எழுதித் தரும்படி ராமனைக் கேட்டார்கள். 1927-ல் அது ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் பிறந்த நாட்டுக்கு, ஹெல்ம்ஹோல்ட்ஸைப் படித்து வளர்ந்த திருச்சிக்காரர் இசைப் பௌதிகம் எழுதிக் கொடுத்தார்!

1933-ல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்குத் தலைவராகப் போனார். அங்கே நாகேந்திரநாத் என்ற இளைஞரோடு சேர்ந்து, ஒலியையும் ஒளியையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் சந்திக்க வைத்தார். திரவத்தின் ஊடே காதுக்குக் கேளாத வேகத்தில் ஒலி அலை பாய்ந்தால், குறுக்கே போகும் ஒளி பல கிளையாகப் பிரிகிறது. அதற்கு அவர்கள் இருவரும் 1935, 1936-ம் ஆண்டுகளில் சொன்ன விளக்கம் இருவர் பெயராலும் வழங்குகிறது.

யந்திரத் தம்புரா

1970-களின் இறுதியில் அதே பெங்களூரில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வந்தது. பிறகு எலக்ட்ரானிக் தம்புராவும் வந்தது. இன்று தம்புரா ஓசை கைபேசிக்குள்ளும் இருக்கிறது. இத்தகைய கருவியில் வெறும் தாய் ஒலியை மட்டும் எழுப்பினால் தம்புரா ஆகாது. சைக்கிள் ஹாரன்போல் இருக்கும். எந்தத் துணை ஒலி எவ்வளவு பலமாக எழுகிறது, எப்போது எழுந்து எப்போது மறைகிறது என்று தெரிந்தால்தான் தம்புராவைப் போலப் பேச வைக்க முடியும். 1921-ல் ராமன் கேட்ட கேள்வியும் அதுதான்.

தோலுக்குப் பதிலாகச் செயற்கைப் பொருளைப் போர்த்திய மிருதங்கமும் உருவாகியிருக்கிறது. தோலை மாற்றிவிடலாம். நடுவில் பாரம் ஏற்றாமல் சுருதி வராது.

கடைசி நாட்கள்

1948-ல் பெங்களூரில் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன ராமன், கடைசிவரை அங்கேயே இருந்தார். 1954-ல் பாரத ரத்னா பட்டம் பெற்றார். முதுமையில் பூக்களின் நிறத்தையும் கண் பார்க்கும் விதத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். கோபக்காரர், மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்வார், அதனால் விரோதிகளும் உண்டு.

1970-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி, தம் 82-ம் வயதில் ராமன் காலமானார். தமக்குச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்திலேயே அவர் உடலைத் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் சமாதி கட்டவில்லை. ஒரு மரம் நட்டார்கள்.